கைகெட்டு வள்ளத்தைப் பார்த்தவள் நான்

1

என் மகள் எஸ்தருக்கு எட்டு வயது நடக்கிறது. போன பருவத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்தவள், பையைத் தோளிலிருந்து இறக்காமல், கைக்குழந்தையை நான் குளிப்பாட்டிக்கொண்டிருந்த இடத்தில் வந்து நின்றாள். வலது கை விரல்களெல்லாம் மை. இடது கையில் நடத்தைப் புத்தகம்.

நம் ஊர்ப் பள்ளிகளில் இல்லாத பொருள் என்பதால் அது என்னவென்று சொல்லிவிடுகிறேன். மலாய் நாட்டில் நாங்கள் இருக்கும் ஊரில், பெண்பிள்ளைகளின் ஆங்கிலப் பள்ளியில், ஒவ்வொரு பிள்ளைக்கும் இப்படி ஒரு சின்னப் புத்தகம் உண்டு. பிள்ளை செய்த நல்லதும் கெட்டதும் அதில் ஏறும். வகுப்பு மாறினாலும் பள்ளி மாறினாலும் கூடவே வரும். பின்னால் தாதி வேலைக்கோ உபாத்தியாயினி வேலைக்கோ மனுப் போட்டால், முதலில் அதைத்தான் பிரித்துப் பார்ப்பார்களாம்.

சிவப்பு மையில் மூன்று வரி எழுதியிருந்தது. "கட்டுரையில் பொய் எழுதினாள். கேட்டபோது ஒப்புக்கொள்ளவில்லை. தன் சொந்த ஜனங்களையே இழிவுபடுத்துகிறாள்." அதன் கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு.

"என்னட்டி எழுதினே?" என்றேன்.

"நீ சொன்னதைத்தான்மா."

"நான் என்ன சொன்னேன்?"

"கைகெட்டு வள்ளம்."

'என் தாயின் ஊர்' என்று கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். மற்றப் பிள்ளைகள் தென்னை, கோவில், மாட்டுவண்டி என்று எழுதி நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். இவள், மீன்காரர்களைக் கைகட்டி வள்ளத்தில் உட்கார வைத்து, துடுப்புப் போட்டு வள்ளம் வலிக்கத் தெரியாதவர்கள் வலித்துப் போகும் பந்தயத்தை எழுதியிருக்கிறாள். ஆசிரியை வகுப்பின் நடுவில் நிறுத்தி, "இது நடந்ததா?" என்று கேட்டிருக்கிறாள். "என் அம்மா பார்த்தாள்" என்று இவள் சொல்லியிருக்கிறாள். 'நான் பொய் சொல்லமாட்டேன்' என்று ஐம்பது தடவை எழுத வைத்திருக்கிறார்கள். விரலில் இருந்த மை அந்த மை.

சோப்புக் கையோடு குழந்தையைப் பிடித்தபடி நின்றேன். முதலில் கோபம் வரவில்லை, பயம்தான் வந்தது. நான் எதையாவது கூட்டிச் சொல்லிவிட்டேனோ? பிள்ளைக்குச் சோறு ஊட்டும் அவசரத்தில் எதை எதோடு சேர்த்தேனோ? எஸ்தர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அம்மா, நீ நிஜமாவே பாத்தியா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் கோபம் வந்தது. அந்தக் கோபத்தில்தான் நம் ஊர்ப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

2

தேங்காய்ப்பட்டணம் பக்கம் உள்ளவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். ஆனால் இந்தப் பத்திரிகை நாகர்கோவிலிலும் திருநெல்வேலியிலும் கூடப் போகிறது. என் வீட்டுக்காரருக்கே நான் இதை விளக்க வேண்டியிருந்தது. அவர் சிதறால் பக்கம். நெய்யூர் ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் வேலை படித்தவர். மலாய் நாட்டுக்குக் கப்பலேறின அன்றுதான் கடலை முதன்முதலாகக் கிட்டத்தில் பார்த்தார்.

எங்கள் ஊரில் ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழிமுகம் என்போம். வருஷத்தில் பெரும்பகுதி மணல் திட்டு அதை அடைத்துக் கிடக்கும். உள்ளே தண்ணீர் குளம்போலத் தேங்கி நிற்கும். ஒரு கரையில் கத்தோலிக்க மீன்பிடிக் குடும்பங்கள். மேட்டுப்பக்கம் நாங்கள், மிஷன் சபைக்காரர், தோட்டமும் பள்ளிக்கூடமுமாக இருப்பவர்கள். அவர்கள் மீன் நமக்கு வேண்டும். நம் மரச்சீனிக் கிழங்கும் தேங்காயும் அவர்களுக்கு வேண்டும். அதனால் நாள் தவறாமல் பேரமும் சண்டையும் உண்டு.

அப்படி ஒரு பேரத்தில்தான் பந்தயம் பிறந்தது என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். எங்கள் பக்கத்து ஆள் ஒருவர் மீனைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, "உங்களுக்கென்ன? கடல் சும்மா தருது. வள்ளத்துல சும்மா இருந்து கொண்டு வாறீங்க" என்றாராம். மீன்காரர் கூடையை மூடிவிட்டு, "அப்பம் நீரு வலியும் ஓய், நான் சும்மா இருக்கேன்" என்றாராம்.

அவ்வளவுதான். அந்த வருஷம் முதல், அவர்கள் கோவில் திருவிழாக் கொடி இறங்கின மறுநாள், உள்தண்ணீரில் நாலு வள்ளம் இறங்கும். ஒவ்வொன்றிலும் எங்கள் பக்கத்து ஆள் நாலு பேர் துடுப்புப் பிடிப்பார்கள். வள்ளத்தின் சொந்தக்காரர் பின்பக்கம் சும்மா உட்காருவார். சும்மா என்றால் சும்மாவேதான். கை தன்னையறியாமல் துடுப்புக்குப் போய்விடும் என்பதால், தோளில் கிடக்கும் துவர்த்துத் துண்டாலேயே இரண்டு கையையும் முதுகுப்பக்கம் கட்டிவிடுவார்கள். வாயைக் கட்டமாட்டார்கள். கட்டை அவிழ்த்துக்கொண்டால் அந்த வள்ளம் தோற்றது.

இதில் கொடுமை என்ன இருக்கிறது? கொடுமை என்றால் அது துடுப்புப் பிடித்தவர்களுக்குத்தான். வருஷம் முழுவதும் எங்கள் ஆட்கள் மீன்காரரைப் பேசின பேச்சுக்கெல்லாம் அந்த ஒரு நாள் பதில் வரும்.

"ஏலே, துடுப்ப வெள்ளத்துல முக்குலே! காத்தத் துழாவினா வள்ளம் போவுமா?"

"சவத்துப் பயலே, அது துடுப்பு. உனக்க வீட்டு அகப்பை இல்ல."

"எடது பக்கம், எடது பக்கம்! எடது எதுன்னு தெரியாமலா உனக்க அப்பன் பிள்ளையளுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கான்?"

கடைசியில் சொன்னது என் அண்ணனுக்குக் கிடைத்தது. எங்கள் அப்பா மிஷன் பள்ளி உபாத்தியாயர். அப்பாவும் கரையில் நின்று அதைக் கேட்டுச் சிரித்தார். எங்களுக்குத் தினமும் மீன் கொண்டுவரும் வியாகுலம்மாள் என் அம்மாவிடம் சொன்னதும் நினைவிருக்கிறது. "வாத்திச்சியம்மா, உங்க மவன் வள்ளம் வலிக்கியது நீங்க அயிலைக்கு வெல கேக்கியது மாதிரியே இருக்கு. முன்னாலயும் போவாது, பின்னாலயும் போவாது."

வள்ளங்கள் சுற்றும், மோதும், ஒன்று தென்னந்தோப்புக்குள் ஏறி நிற்கும். எப்படியோ ஒன்று மணல் திட்டைத் தொடும். தோற்ற வள்ளத்துக்காரர்கள் ஜெயித்த வள்ளத்தையும் அதில் உட்கார்ந்திருப்பவரையும் சேர்த்துத் தோளில் தூக்கித் திட்டைத் தாண்டிக் கடல் ஓரத்தில் இறக்குவார்கள். பிறகு ஒரே பானையிலிருந்து எல்லாருக்கும் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். யார் எந்தச் சபை என்று அந்தப் பானையின் முன்னால் கேட்டவர் இல்லை.

இதை ஓர் ஆங்கிலக் கட்டுரையில் எட்டு வயதுப் பிள்ளை எழுதினால் எப்படி வரும்? துவர்த்து என்பதற்கு அவளுக்குச் சொல் தெரியவில்லை. கயிறு என்று எழுதிவிட்டாள். அது என் பிழை. நான் ஒருதரம் வாசித்துப் பார்த்திருக்கலாம். அன்று குழந்தைக்குக் காய்ச்சல்.

3

"விட்டுரு பிள்ளே" என்றார் என் வீட்டுக்காரர், மறுநாள் மத்தியானம் சாப்பிட வந்தபோது. "கையெழுத்துப் போட்டுக் குடுத்தனுப்பு. எட்டு வயசுப் பிள்ளைக்க புஸ்தகத்த எவன் பாக்கப் போறான்?"

"பாப்பாங்கன்னுதானே எழுதி வைக்காங்க?"

"நீ போய் என்னத்தச் சொல்லுவே? துரைசானிட்ட இங்கிலீசுல சண்ட போடுவியா?"

போடுவேன் என்று சொல்லவில்லை. ஆனால் திங்கட்கிழமை குழந்தையை இடுப்பில் வைத்து ரிக்‌ஷா ஏறினேன். பள்ளி வாசலில் பியூன் ஒரு தாளைக் கொடுத்து, பெயர், வீட்டு விலாசம், புருஷன் உத்தியோகம், வந்த காரணம் எல்லாம் எழுதச் சொன்னான். காரணம் என்ற இடத்தில் 'என் மகளின் உண்மை' என்று எழுதினேன். அவன் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு, 'நடத்தை' என்று திருத்தி எழுதச் சொன்னான். எழுதினேன். அதைத் திருத்தியிருக்கக்கூடாது என்று ஒரு மணி நேரம் மர நாற்காலியில் உட்கார்ந்து யோசித்தேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. இங்கே மத்தியானம் தவறாமல் மழை.

தலைமை ஆசிரியை கெட்டவள் அல்ல. குழந்தைக்கு ஒரு பிஸ்கட் கொடுத்தாள். நான் மிஷன் போர்டிங் பள்ளியில் படித்த ஆங்கிலத்தைச் சேர்த்துக் கட்டிப் பேசினேன். "என் மகள் பொய் அல்ல" என்று சொல்லிவிட்டேன். 'பொய் சொல்பவள் அல்ல' என்று வந்திருக்கவேண்டும். பாதி வழி வீட்டுக்குத் திரும்பின பிறகுதான் சரியான வாக்கியம் வந்தது.

"கைகளைக் கட்டி மனிதர்களைப் படகில் ஏற்றுவதா?" என்றாள் அவள். "அதுவும் கிறிஸ்தவர்கள், ஒரு திருநாளுக்கு அடுத்த நாள்? நான் மெட்ராஸில் இரண்டு வருஷம் இருந்தவள். அப்படி எதையும் கேள்விப்படவில்லை."

மெட்ராஸில் இருந்தால் எங்கள் பொழிமுகம் தெரிந்துவிடுமா? இதை நான் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும். "நான் பார்த்தேன். வருஷா வருஷம் பார்த்தேன்" என்று மட்டும் சொன்னேன்.

"நீங்கள் தாய். உங்கள் சொல்லை நான் ஆதாரமாக எடுக்க முடியாது. உங்கள் ஊரில் பொறுப்பான ஒருவர், ஒரு குருவானவரோ பள்ளித் தலைமை ஆசிரியரோ, எழுதித் தரட்டும். இந்தப் பருவம் முடிவதற்குள் வந்தால் சிவப்பு வரியை அடித்துவிடுகிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்."

தாயின் சொல் ஏன் ஆதாரமாகாது? பிள்ளை எப்போது பிறந்தது என்று என்னிடம்தானே கேட்டு எழுதிக்கொண்டார்கள்? ஆனாலும் அன்று நான் சந்தோஷமாகத்தான் திரும்பினேன். பொறுப்பானவர் ஒருவர் வேண்டும், அவ்வளவுதானே? என் அண்ணன் இப்போது ஊரில் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் வெறும் சாட்சி அல்ல. வள்ளத்தில் இருந்தவர்.

வீட்டுக்கு வந்ததும் எஸ்தரிடம், "மாமா எழுதுவார். எல்லாம் சரியாயிரும்" என்றேன். அன்றே கடிதம் போட்டேன்.

4

கடிதம் கப்பலில் போய் வர ஆறு வாரம் ஆகும். அந்த ஆறு வாரமும் நான் செய்தது ஒன்றுதான். என் நினைவை நானே சோதித்தேன். காலையில் கரி அடுப்பை விசிறும்போது, குழந்தைத் துணி துவைக்கும்போது, எஸ்தர் நான் 'வெள்ளம்' என்று சொன்னதற்குச் சிரித்து "தண்ணின்னு சொல்லும்மா, மத்த அம்மாக்களெல்லாம் அப்படித்தான் சொல்றாங்க" என்று திருத்தும்போது, எல்லாம் ஒரே நாளுக்குத் திரும்பத் திரும்பப் போனேன். எனக்குப் பதினைந்து வயது நடந்த வருஷத்தின் பந்தயம்.

அந்த வருஷம் பருவம் தப்பி மலையில் மழை பெய்து, பந்தயத்துக்கு இரண்டு நாள் முன்னால் பொழி முறிந்துவிட்டது. மணல் திட்டின் நடுவில் வாய் திறந்து, ஆறு கடலுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பந்தயத்தை நிறுத்தியிருக்கவேண்டும். வாய் சின்னதுதான், திட்டின் மேற்கு மூலையைத் தொட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள்.

அண்ணன் முன்னால் துடுப்புப் பிடித்தார். அவருக்கு இருபது வயது. கூட அவர் சிநேகிதர் மூன்று பேர். பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தவர் சூசை, வியாகுலம்மாளின் புருஷன். அந்த வள்ளம்தான் அவர்களுக்குப் பிழைப்பு.

நான் அம்மாவோடும் வியாகுலம்மாளோடும் கரையில் நின்றேன். சூசையின் ஏச்சு எங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தது. அண்ணனின் வள்ளம்தான் முன்னால் போனது. நாங்கள் கூச்சல் போட்டோம். முன்னால் போனதற்குக் காரணம் அவர்கள் வலித்தது அல்ல, ஓட்டம் இழுத்தது. அது எங்களுக்குத் தெரியவில்லை.

வியாகுலம்மாள்தான் முதலில் என் கையைப் பிடித்தாள். "ஏட்டி, அவரு ஏச்ச நிறுத்திட்டாரு."

உண்மைதான். மற்ற மூன்று வள்ளத்திலிருந்தும் ஏச்சு வந்துகொண்டிருந்தது. சூசையின் குரல் இல்லை. வள்ளம் மேற்கு மூலையை விட்டு நடுவாய்க்குத் திரும்பியிருந்தது. வாய்க்கு அப்புறம் அலை உடைந்துகொண்டிருந்தது.

"கைய அவுத்து விடுங்கலே!" என்று வியாகுலம்மாள் தண்ணீருக்குள் இறங்கிக் கத்தினாள். எல்லாரும் கத்தினார்கள். ஆனால் யார் அவிழ்ப்பது? துடுப்பை விட்டால் வள்ளம் அந்த நிமிஷமே வாய்க்குள் போய்விடும்.

அங்கே சூசை பேசியதை அன்று சாயங்காலம் அண்ணன் எங்களுக்குச் சொன்னார். சத்தமே போடவில்லையாம். பிள்ளையிடம் பேசுவது மாதிரிப் பேசினாராம். "மக்கா, வெள்ளத்தப் பாக்காதீங்க. எல்லாரும் என்னைப் பாருங்க. முன்னால இருக்கவன் மட்டும் அந்தச் சாஞ்ச தென்னையப் பாரு. வேற ஒண்ணும் பாக்காத. நான் சொல்லும்போ மட்டும் வலிங்க. இப்பம். பைய. இப்பம்."

வலிக்கத் தெரியாத நாலு பேர், கை கட்டின ஒருவரின் வாய்ச்சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, வள்ளத்தை ஓட்டத்துக்குக் குறுக்கே திருப்பினார்கள். வாயின் ஓரத்து மணலில் வள்ளம் மோதி ஏறி நின்றது. நாங்கள் ஓடிப்போனபோது, நனைந்து இறுகிய துவர்த்து முடிச்சை அண்ணன் பல்லால் கடித்து அவிழ்த்துக்கொண்டிருந்தார். கை அவிழ்ந்ததும் சூசை அவரை ஓங்கி ஓர் அறை அறைந்தார். "வாத்தியாரு மவனே, தென்னையப் பாருன்னு சொன்ன பொறவு ஏன்லே ரெண்டு தடவ திரும்பிப் பாத்தே?" என்றார். பிறகு இரண்டு பேரும் மணலில் உட்கார்ந்து அழுதார்கள். நான் பார்த்தேன்.

அன்றைக்கு அந்தப் பானையிலிருந்து முதல் கிழங்கை எடுத்து சூசை என் அண்ணன் வாயில் வைத்தார். அதையும் பார்த்தேன்.

இதைத்தான் எஸ்தரிடம் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.

5

பருவம் முடிய நாலு நாள் இருக்கும்போது பதில் வந்தது. தடித்த உறை. தபால்காரன் போகும்வரை கூடக் காத்திருக்கமுடியாமல் வாசலிலேயே கிழித்தேன். உள்ளே இரண்டு கடிதம். ஒன்று எனக்கு, தமிழில்.

"அன்புள்ள தங்கைக்கு, கர்த்தருக்குள் வாழ்த்துதல். இவ்விடம் எல்லாரும் சுகம். நீ கேட்டபடி சாட்சிக் கடிதம் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. அந்தப் பந்தயம் நின்று நாலு வருஷம் ஆகிறது. நம் சபையார் அந்தக் கரையில் போய் உட்காருவதும், ஏச்சுக் கேட்பதும், ஒரே பானையில் உண்பதும் நமக்கு ஏற்றதல்ல என்று மூப்பர்கள் தீர்மானித்தார்கள். அவர்கள் பக்கத்திலும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். அப்படி ஒரு வழக்கம் நம்மிடத்தில் இருந்தது என்று ஒரு தலைமை ஆசிரியரின் கையெழுத்தோடு அன்னிய தேசத்துக்குப் போவது நல்லதா? என் நிலைமையை நீ அறியாய். பிள்ளைக்குக் கெடுதல் வரக்கூடாது என்பதால் பள்ளிக்கு வேறொரு கடிதம் வைத்திருக்கிறேன். அதைக் கொடு. காரியம் சுமுகமாக முடியும்."

சூசையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் கேட்டிருந்தேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் நான் கேட்கிறேன். எது இழிவு? ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு தன் வள்ளத்தையும் உயிரையும் எங்கள் பையன்களிடம் கொடுத்து உட்கார்ந்தது இழிவா? எங்கள் பெரிய மனிதர் ஒரு நாள், ஒரே ஒரு நாள், மீன்காரரின் ஏச்சைக் கேட்டுச் சிரித்தது இழிவா? அந்த ஆசிரியை என் மகள் தன் ஜனங்களை இழிவுபடுத்துகிறாள் என்று எழுதினாள். அவள் அன்னியள், அவளுக்குத் தெரியாது. தெரிந்த மூப்பர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள்? நடந்ததை நடக்கவில்லை என்று ஆக்குவதற்கு ஒரு கூட்டம் கூடித் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். நீங்கள் நிறுத்தியது பந்தயத்தை மட்டும் என்றால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். வேண்டாம் என்று தோன்றினால் எதையும் நிறுத்தலாம். பார்த்தவர்களைப் பார்க்கவில்லை என்று சொல்லச் சொல்லும் அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

இதை எழுதும்போதே கை தயங்குகிறது. அப்பா காலமான பிறகு என்னைப் போர்டிங்கில் படிக்க வைத்தவர் அண்ணன். கலியாணம் செய்து கொடுத்தவர் அவர். கப்பலேற்ற வந்து, கண்ணீரை மறைக்கக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவரைக் குறை சொல்ல நான் யார்? அன்றும் இப்படியே யோசித்து மூன்று நாள் கழிந்தது.

6

மற்றக் கடிதம் ஆங்கிலத்தில், முத்து முத்தான எழுத்தில் இருந்தது. எனக்குப் பாதி புரிந்தது. மூன்றாம் நாள் அதை மேஜைமேல் விட்டுவிட்டுக் குழந்தைக்குப் பால் காய்ச்சப் போனேன். திரும்பி வந்தபோது எஸ்தர் அதை வாசித்து முடித்திருந்தாள். அவள் என்னைவிட வேகமாக வாசிப்பாள்.

"மாமா என்ன எழுதியிருக்காருன்னு தெரியுமா?" என்றாள். "பிள்ளைக்குக் கற்பனை ஜாஸ்தியாம். மன்னிச்சுக்கணுமாம். இனிமே இப்படிச் செய்யாதபடி பாத்துக்கச் சொல்றேன்னு எழுதியிருக்காரு."

என் வீட்டுக்காரர் அப்போது வீட்டில்தான் இருந்தார். "நல்லதாப் போச்சு" என்றார். "அதக் குடுத்தா செவப்பு வரிய அடிச்சிருவாங்க. உனக்க அண்ணனுக்கும் தொந்தரவு இல்ல. பிள்ளைக்கும் தொந்தரவு இல்ல."

எஸ்தர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "அம்மா, உங்க ரெண்டு பேருல யாரு பொய் சொல்றீங்க? நீயா, மாமாவா?"

இப்படி ஒரு கேள்விக்கு என்ன பதில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் நமக்கு? மூத்தவர்களைக் குறை சொல்லாதே என்று சொல்லிக்கொடுத்தார்கள். பொய் சொல்லாதே என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டும் ஒரே வாயில் எப்படி நிற்கும் என்று சொல்லவில்லை.

"மாமா பயப்படுகேரு, மக்கா" என்றேன்.

"நீ பயப்படலியா?"

"பயமாத்தான் இருக்கு."

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்து என்னிடம் நீட்டினாள். அவ்வளவுதான். கொடு என்றும் சொல்லவில்லை, கொடுக்காதே என்றும் சொல்லவில்லை.

பருவத்தின் கடைசி நாள் பள்ளிக்குப் போனேன். உறை என் கைப்பையில் இருந்தது. அதைக் கொடுத்தால் என் மகள் சுத்தமாக அடுத்த வகுப்புக்குப் போவாள். ஆனால் தன் தாய் சொன்னது பொய் என்று தன் மாமாவே எழுதிக் கொடுத்ததால் சுத்தமானவளாகப் போவாள். கொடுக்காவிட்டால் சிவப்பு வரி நிற்கும். தாதிப் படிப்புக்கு அவள் மனுப் போடும்போது ஒரு கிழட்டு அதிகாரி அதைக் காட்டி உதட்டைப் பிதுக்குவான். இந்த முறை பியூன் நீட்டிய தாளில் காரணம் என்ற இடத்தை வெறுமனே விட்டேன். அவன் அதை அப்படியே வாங்கிக்கொண்டான்.

தலைமை ஆசிரியை எஸ்தரை வகுப்பிலிருந்து வரவழைத்தாள். "கடிதம் வந்ததா?" என்று என்னிடம் கேட்டாள்.

கைப்பையைத் திறந்தேன். மூடினேன். "நீங்கள் கேட்ட கடிதம் வரவில்லை" என்றேன். அது உண்மை.

அவளுக்கு வருத்தம்தான். "அப்படியானால் வரி நிற்கவேண்டியதுதான். பார்த்தேன் என்பதற்கு இங்கே ஒரு கையெழுத்து" என்று சொல்லிப் புத்தகத்தைத் திருப்பி வைத்தாள். மைக்கூட்டையும் தள்ளினாள்.

கோட்டின்மேல் என் பெயரை எழுதினேன். பேனாவை எடுக்கவில்லை. கீழே இடம் இருந்தது. தமிழில் எழுதினேன்: "என் மகள் எழுதியது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன்." அண்ணனைப் பற்றி எழுத வந்தது. எழுதவில்லை. அவருடைய குடையும் அவர் நின்ற துறைமுகமும் முன்னால் வந்து நின்றன. பேனாவை வைத்துவிட்டேன்.

"இது என்ன?" என்றாள் தலைமை ஆசிரியை. "என்ன எழுதியிருக்கிறீர்கள்?"

நான் ஆங்கிலச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தேன். எஸ்தர் மேஜை ஓரத்துக்கு வந்து, புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, விரலை ஒவ்வொரு சொல்லாக நகர்த்தினாள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க அவளுக்கு நேரம் ஆகும். அறையில் எல்லாரும் காத்திருந்தோம். பிறகு நிமிர்ந்து, வகுப்பில் பாடம் ஒப்பிக்கும் குரலில், ஆங்கிலத்தில் சொன்னாள்:

"என் மகள் எழுதியது உண்மை. நான் கண்ணால் பார்த்தேன். அந்த வள்ளத்தில் என் அண்ணனும் இருந்தார்."

கடைசி வாக்கியம் நான் எழுதியதல்ல. இப்போது, இந்தப் பத்திரிகையில், எழுதிவிட்டேன்.